எட்டாவதில் எழுதும் தேர்வு, ஒன்பதாவதில் வரும் பணம்

காலை எட்டே கால் மணி. தர்மபுரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. வேப்ப மரத்தடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் கடிகாரம் ஒன்றை வரைந்துவிட்டுக் கணக்கு டீச்சர் கேட்கிறார்: "கண்ணாடியில பார்த்தா மணி 3.40. நெசத்துல எத்தனை?" முன்வரிசைப் பெண் விரலால் மண்ணில் எதையோ கிறுக்கிப் பார்த்துவிட்டு, "8.20 டீச்சர். 11.60-லேர்ந்து கழிச்சேன்" என்கிறாள்.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கான பயிற்சி இது. இந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது என்எம்எம்எஸ். 2008-ல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. நான்கு ஆண்டுக்கும் 48,000.

நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கிடைக்கும் இந்தத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 6,695 இடங்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரே ஆண்டில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டில் சேர வேண்டியது 32 கோடி ரூபாய்க்கு மேல். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பத்தாவதோடு பெண்ணை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வரும் வீடுகளில், அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும் பணம் அது.

தேர்வில் இரண்டு தாள்கள். மனத்திறனுக்கு 90 கேள்விகள், படிப்பறிவுக்கு 90. படிப்பறிவுத் தாளைப் பாடப் புத்தகம் காப்பாற்றிவிடும். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், நாட்காட்டிக் கணக்கு, உறவுமுறைப் புதிர் என்று வரும் மனத்திறன் தாளுக்கு யாராவது தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. பணம் கட்டி மையத்துக்குப் போகிற வசதி இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். மாதிரி வினாத்தாள்களைத் தாங்களே தயாரித்து, விடைக்குறிப்போடு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் செய்த தாள் மறுவாரம் இன்னொரு மாவட்டத்துப் பள்ளியில் நகலாகிக் கையில் இருக்கிறது. இலவசக் கல்வி வளம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

என் கவலை தேர்வுக்கு அப்புறம் தொடங்குகிறது. தேர்வு நடப்பது எட்டாவதில். நடுநிலைப் பள்ளி முடிவதும் எட்டாவதோடுதான். பயிற்சி கொடுத்த டீச்சர் இங்கேயே இருந்துவிடுகிறார். பிள்ளை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுகிறது. பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதோ ஒன்பதாவதில், அந்தப் புதுப் பள்ளி வழியாக, தேசிய உதவித்தொகை இணையதளத்தில். தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வந்ததுமே பணம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிற பெற்றோர் நிறையப் பேர். விண்ணப்பித்தால்தான் வரும். பள்ளி அளவில் ஒருவர் சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்ட அளவில் ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாவதில் தொடரப் பத்தாவதில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55.

இவ்வளவும் சரியாக இருந்து, பெயரில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு அது. மாற்றுச் சான்றிதழில் 'ச. கவிதா'. ஆதாரில் 'கவிதா சண்முகம்'. வங்கிப் புத்தகத்தில் 'கவிதா எஸ்'. மூன்றும் ஒரே பெண்தான் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. திருத்தம் செய்ய இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள். இரண்டு நாளும் அம்மாவுக்குக் கூலி போகும். கணக்கை ஆதாரோடு இணைக்காவிட்டால் பணம் வந்து சேராது. இதற்குள் இணையதளத்தின் கடைசித் தேதி முடிந்துவிட்டால், அந்த ஆண்டின் 12,000 ரூபாய் போனது போனதுதான்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே, அதாவது பிள்ளை எட்டாவதில் நம் கையில் இருக்கும்போதே, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகவே வைக்கலாம். பெற்றோர் கூடும் இடம் அது. ஜூன் மாதம் ஒன்பதாவதில் சேர வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "என்எம்எம்எஸ் பாஸா?" என்று கேட்பதை உயர்நிலைப் பள்ளிகள் சேர்க்கைப் படிவத்தோடு ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் புதிதாக ஒரு பைசா செலவில்லை. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பன்னிரண்டாவது தாண்டிக் கல்லூரிக்குப் போனால் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாநில அரசே மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. ஒன்பதாவதில் இந்த இழை அறுபடாமல் பார்த்துக்கொண்டால், ஏழை வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் கூடவே வரும்.

வேப்ப மரத்தடியில் மணி அடித்தது. பிள்ளைகள் பிரார்த்தனைக்கு ஓடினார்கள். டீச்சர் கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். போன ஆண்டு தேர்வான மூன்று பேரின் பெயர், உதவித்தொகை இணையதளத்தின் ஒருமுறைப் பதிவு (ஓடிஆர்) எண், வீட்டுக் கைபேசி எண், சேர்ந்திருக்கும் பள்ளி. இரண்டு பெயருக்கு எதிரே பச்சை மையில் டிக். மூன்றாவது பெயருக்கு எதிரே 'பேங்க்' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். "இன்னிக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணணும் சார்" என்றபடி நோட்டைப் பைக்குள் வைத்தார்.