பரிமாறுவார் இல்லாப் பந்தி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் பெருந்தெரு, பெரகல சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாய நோக்கி இறங்கிச் செல்கின்றது. மற்றொன்று அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைத் தொட்டு ஹாலி-எலவுக்குச் செல்கின்றது. மூடுபனி விலகிய காலையில் இச்சந்தியில் நின்று தெற்கே நோக்குவார்க்குத் தாழ்நிலம் முழுதும் காலடியில் விரிந்து கிடப்பதுபோலத் தோன்றும். ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணீரும் கொண்டு பசியாறும் பிரயாணியும், மலைமேல் உள்ள ஹோட்டல்களில் ஞாயிறு விருந்துண்ணப் போகும் குடும்பத்தினரும் இவ்வழியேதான் செல்கின்றனர்.

அண்மையில் நாமும் அவ்வாறு ஒரு ஞாயிறன்று சென்றோம். எம்மிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர், இப்பொழுது வேறோர் ஊரில் ஹோட்டற் பரிசாரகராகப் பணி புரிகின்றார். தாம் பிறர்க்கு எடுத்து வைக்கும் விருந்தினைத் தம் பெற்றோரும் ஒருநாள் உண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை. சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவர்களை அழைத்து வந்தவர், எம்மையும் உடன் வரும்படி வற்புறுத்தினார். தாயார் கொழுந்து பறிப்பவர். தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கண்ணாடிக் கதவின் முன் வந்ததும் தாயார் நின்றுவிட்டார். “ஐயா, நாங்க உள்ளுக்குப் போகலாமா?” என்று எம்மைக் கேட்டார்.

பணம் கொடுத்து உண்ண வந்தவர் இவ்வாறு கேட்பானேன்? விடையறியச் சற்றுப் பின்னோக்க வேண்டும்.

புகைவண்டிப் பாதை பண்டாரவளையை எட்டியது 1894 ஆம் ஆண்டில். பதுளையை அடைந்தது 1924 இல். பாதை வந்த காலத்தை ஒட்டியே இம்மலைகளில் ஹோட்டல்களும் கழகங்களும் எழுந்தன. அவை தோட்டத்துரைமாருக்காக எழுந்தவை. அம்மேசைகளுக்கு அருகே நம்மவர் நின்றதுண்டு, அமர்ந்ததில்லை. துரை பங்களாவிற் சமைத்தவரும், தட்டெடுத்தவரும், விறகு பிளந்தவரும் குசினிக்கு இப்பாலே நின்றுவிட்டனர். எழுதப்படாத அந்த எல்லைக்கோடு கால்களில் இன்னும் தங்கியிருப்பதில் வியப்பென்ன?

இன்று ‘பிறஞ்ச்’ எனப்படும் உணவு காலையுணவையும் பகலுணவையும் ஒன்றாக்கிய முற்பகல் விருந்தாகும். 1895 இல் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர், சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருப்போர்க்கு ஏற்றது என்று இதனைப் பரிந்துரைத்துக் கட்டுரை வரைந்தார். பெயர் புதிதேயன்றி வழக்கம் எம் மலைக்குப் புதிதன்று. பெரட்டுக்களத்துக்குச் செல்லுமுன் ஒரு கோப்பைத் தேநீர், மலை சுற்றித் திரும்பியபின் முற்பகலில் பெரிய உணவு என்பதே பழைய தோட்டத்துரைமாரின் ஒழுங்கு.

வேண்டியதைத் தாமே எடுத்து உண்ணும் ‘பஃபே’ முறைக்குச் சுவீடன் நாட்டினர் பேர்போனவர்கள். 1939 இல் நியூயோர்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்நாட்டுப் போசனசாலை இதனைப் பலருக்கும் அறிமுகஞ் செய்தது. தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958 இல் இதனை மேற்கொண்டு ‘வைக்கிங்’ எனப் பெயரிட்டது. ஜப்பானியர் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். எம் நாட்டிலோ தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என விழாக்கள்தோறும் சிறப்பு உணவுப் பட்டியல் அமைத்து ஹோட்டல்கள் மக்களை அழைக்கின்றன.

குடும்பத்துடன் செல்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். விலைக்குப் பின்னே இரண்டு கூட்டற்குறிகள் காணப்பட்டால், வரியும் நூற்றுக்குப் பத்து வீதச் சேவைக் கட்டணமும் தனியே சேரும் என்பது பொருள். ஐவர் உண்ணும்போது அவ்விரு குறிகளும் சிறு தொகையாய் நில்லா. குழந்தைகளுக்குக் கட்டணக் குறைவு உண்டாவென முன்னரே விசாரிக்கலாம். மேசையின் தலைப்பில் பாணும் சோறும் நிற்பதும், விலையுயர்ந்த பண்டங்கள் கடையில் நிற்பதும் பெரும்பாலும் தற்செயலன்று. தட்டு முதலில் நிரம்புவது மலிவான பண்டத்தால். ஆதலின் வெறுங்கையுடன் ஒருமுறை முழுவதையும் சுற்றிப் பார்த்தபின் தட்டை எடுப்பதே அறிவு. சைவ உணவினர் மற்றொன்றையும் கேட்டறிதல் வேண்டும்: சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது இந்நாட்டுச் சமையல் வழக்கம். கேட்பதில் வெட்கமில்லை.

எம்முடன் வந்த தாயார் தம் முதற் தட்டை உண்டு முடித்து, அதே தட்டுடன் எழுந்தார். மகன் மெல்லத் தடுத்து, “அம்மா, ஒவ்வொரு தரமும் புதுத் தட்டு எடுக்கணும். சாப்பிட்ட தட்டோட சட்டிக்கிட்டப் போகக் கூடாது” என்றார். தாயார் முகம் மலர்ந்தது. “எச்சித் தட்டோட அடுப்படிக்குப் போனா எங்க ஆத்தா அகப்பையாலயே அடிக்கும், தம்பி. இங்கயும் அதே சட்டந்தானா?” என்றார்.

அதே சட்டந்தான். உண்ட கையாற் பொதுக் கரண்டியைத் தொடாதிருத்தல், எடுத்ததைத் திரும்ப வையாதிருத்தல், ஒரு கறியின் அகப்பையை மற்றொன்றில் இடாதிருத்தல், முன்நிற்பவரை முந்தாதிருத்தல் ஆகியன யாவும் லயத்துக் குசினியிலும் கோயில் அன்னதானப் பந்தியிலும் நாம் கற்ற பாடங்களே. முள்ளும் கத்தியும் பிடிக்கும் முறையை ஒரு நாளிற் கற்றுவிடலாம். கையால் உண்பதும் இழுக்கன்று.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. நம் பந்தியிற் பரிமாறுவோர் இருக்கின்றனர். அவர் எம் முகத்தைப் பார்த்து இன்னுங் கொஞ்சம் என்பார். போதும் என்று இலைமேற் கைமறித்தால் நிறுத்துவார். பஃபேயில் அவர் இல்லை. இடுகின்ற கையும் மறிக்கின்ற கையும் நம்முடையதே. கொடுத்த பணத்துக்கு ஈடாக உண்டுவிட வேண்டும் என்னும் எண்ணம் ஒருமுறை புகுந்தால் வயிற்றின் சொல் செவியில் ஏறுவதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில், முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்த காயசண்டிகை, எவ்வளவு உண்டும் தணியாத யானைத்தீ என்னும் பசிநோயைச் சாபமாகப் பெற்றாள். கட்டணச் சீட்டைக் கையில் வாங்கியதும் நம்மிற் பலர்க்கு அந்நோய் சிறிது நேரம் பற்றிக்கொள்கின்றது. அன்று அயல் மேசையொன்றில் மூன்று தட்டுகளிற் கேக்கும் இறைச்சியும் தொடப்படாமற் கிடந்தன.

இது நகைத்துத் தள்ளும் செய்தியன்று. 2022 ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 28 வீதம் உணவகம் முதலிய உணவுச் சேவை நிலையங்களைச் சார்ந்தது என்றும், 60 வீதம் வீடுகளைச் சார்ந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடற் திட்டத்தின் அறிக்கை கூறுகின்றது. ஊவாவின் தோட்டங்களுக்கு இக்கணக்கு வேறுவிதமாகவும் விளங்கும். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிட்டாது மலையகம் பட்டினி கிடந்தது, உயிர்களும் மடிந்தன. அந்நாட்களைக் கண்ட பெரியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இல் 1000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாகவும் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டது. பெரிய ஹோட்டலொன்றின் ஒருவேளை விருந்து, இத்தகைய கூலி பலநாட்களுக்குரியதை விழுங்கிவிடும்.

அவ்வாறாயின் செல்லாதிருப்பதே மேலன்றோ எனச் சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கூறோம். ஆண்டுக்கொரு நாள், பரீட்சைச் சித்தியையோ முதற் சம்பளத்தையோ முன்னிட்டு, பெற்றோரை ஒரு நல்ல மேசையில் அமர்த்தி மகிழ்வது வீண்செலவன்று. கடன்பட்டுச் செல்வதும், அயலார் காணச் செல்வதும், எடுத்ததை எறிவதுமே வீண்.

இறுதியிற் தேநீர் வந்தது. கொழுந்து பறித்த விரல்கள் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. தாயாரின் தட்டில் ஒரு பருக்கையும் எஞ்சவில்லை. தட்டெடுக்க வந்த இளைஞர் அதைக் கண்டு, “சாப்பாடு நல்லா இருந்திச்சா, அம்மா?” என்று கேட்டார். அவரும் ஒரு தோட்டத்துப் பிள்ளையே என்பதைப் பேச்சில் அறிந்த தாயார், ஊரும் வீடும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். திரும்புகையிற் கண்ணாடிக் கதவை அவரே திறந்து, எமக்கு வழிவிட்டு நின்றார்.

மாணவர்களே, அத்தகைய மண்டபத்துட் புகும் நாள் உங்களுக்கும் வரும். தலை தாழ்த்தாது செல்லுங்கள். உண்ணக்கூடிய அளவே எடுங்கள். உங்கள் பெற்றோரையும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள்.