பேரூராட்சிக்கு ஏன் எப்போதும் பற்றாக்குறை?

ஏதேனும் ஒரு பேரூராட்சி மன்றத்தின் மாதக் கூட்டப் பொருள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நீரேற்று மோட்டார் பழுது பார்த்த செலவு. பிளீச்சிங் பவுடர் கொள்முதல். தெருவிளக்குக்கு உதிரி பாகங்கள். தூய்மைப் பணிக்கு ஒப்பந்த ஆட்கள். வாரச்சந்தைக் குத்தகை ஏலம். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' என்று ஒரு வரி. இரண்டு பக்கம் படிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

ஆனால் இந்தப் பட்டியலுக்குள் இயற்பியல் இருக்கிறது, வடிவியல் இருக்கிறது, பொருளாதாரத்தின் ஒரு தீராத புதிரும் இருக்கிறது. 'நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கலாம்' என்ற பதிலைக் கேட்டுச் சலித்தவர்கள் தலைவரையோ செயல் அலுவலரையோ திட்டுவது வழக்கம். சில நேரம் அந்தத் திட்டு நியாயமானதுதான். என்றாலும் பற்றாக்குறையின் பெரும்பங்கு யாருடைய கைவரிசையும் இல்லாமல், ஊரின் அளவிலிருந்தே பிறக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீரைத் தூக்கும் செலவு

கணக்குக்காக 15,000 பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வருகிறது. பாதாளச் சாக்கடை இல்லை. இப்படிப்பட்ட ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பொறியியல் கையேடு வைத்த அளவு. அப்படியானால் ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீர் பத்தரை லட்சம் லிட்டர். எடையில் 1,050 டன்.

இவ்வளவு தண்ணீரை ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டியின் உச்சி வரை மொத்தம் 60 மீட்டர் தூக்க வேண்டும் என்று வைப்போம். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 62 கோடி ஜூல் வருகிறது. மின்கட்டண மொழியில் சொன்னால் 171 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து வாங்கும் மின்சாரத்தில் பாதியைத்தான் வேலையாக மாற்றும் என்றால் 340 யூனிட்டுக்கு மேல் ஆகும். எந்த மன்றமும் தீர்மானம் போட்டு இந்த 171 யூனிட்டைக் குறைக்க முடியாது. புவியீர்ப்பு தள்ளுபடி தராது. பழைய பம்பு தின்னும் மீதிப் பாதியில்தான் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது.

அதே ஊரில் ஆயிரம் தெருவிளக்குகள் இருக்கின்றன என்று கொள்வோம். பழைய குழல்விளக்கு, சோக்குடன் சேர்த்துச் சுமார் 55 வாட் இழுக்கும். அதை 20 வாட் எல்இடி விளக்காக மாற்றினால் விளக்குக்கு 35 வாட் மிச்சம். இரவில் 11 மணி நேரம் எரிந்தால் ஊர் முழுவதற்கும் 385 யூனிட் மிச்சமாகிறது. ஊருக்கே குடிநீர் ஏற்றும் மின்சாரத்தை விட அதிகம்! 'தெருவிளக்குகளை எல்இடியாக மாற்றுதல்' என்று பொருள் பட்டியலில் ஒற்றை வரியாகக் கடந்துபோகும் செய்தி இது.

கடைக்கோடித் தெருவின் குழாய்

தண்ணீரைத் தூக்கியாயிற்று, இனி வீடு வீடாகக் கொண்டு சேர்க்க வேண்டும். சிறிய ஊர் சறுக்கும் இடம் இதுதான்.

பெருநகரத்தில் நூறு மீட்டர் தெருவில் அடுக்ககங்களும் ஒட்டிய வீடுகளுமாக நூறு குடும்பங்கள் இருக்கலாம். சிற்றூரின் விரிவாக்கப் பகுதியில் அதே நூறு மீட்டரில் காலி மனைகளுக்கு நடுவே எட்டு வீடுகள் இருக்கும். பள்ளம் தோண்டுவது, குழாய் பதிப்பது, மேலே சாலை போடுவது எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்கள்தான் குறைவு. குழாயின் விட்டமும் சிறிய ஊருக்கு எதிராகவே வேலை செய்கிறது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அழுத்தச் சரிவில் குழாய் ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீரைக் கடத்தும். செலவு அவ்வளவு ஏறாது. மொத்தமாகக் கடத்துபவருக்கு லிட்டர் விலை குறைகிறது.

இதற்கு ஒரு பொது விதி உண்டா என்று தேடியவர்களில் ஒருவர் ஜெஃப்ரி வெஸ்ட் என்ற இயற்பியலாளர். அவர் உயிரினங்களிலிருந்து தொடங்கியவர். விலங்கின் எடை கூடும்போது அது எரிக்கும் ஆற்றல் அதே விகிதத்தில் கூடுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கில்தான் கூடுகிறது என்று 1932-இல் மாக்ஸ் கிளைபர் கண்டிருந்தார். ஒரு கிராம் யானையை விட ஒரு கிராம் சுண்டெலிக்குத் தீனி அதிகம். நகரங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்குமா என்று லூயிஸ் பெட்டன்கோர்ட், வெஸ்ட் உள்ளிட்ட குழுவினர் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் நகரத் தரவுகளை வைத்து 2007-இல் ஆய்வு வெளியிட்டனர். சாலைப் பரப்பு, மின்கம்பி நீளம், பெட்ரோல் பங்குகள் போன்ற கட்டமைப்புகள் மக்கள்தொகையின் 0.8 அடுக்கை ஒட்டிக் கூடுகின்றன என்றும், கூலி, கண்டுபிடிப்புகள் போன்றவை 1.1 முதல் 1.3 வரையான அடுக்கில் கூடுகின்றன என்றும் அவர்கள் காட்டினார்கள். இரண்டையும் சுருக்கி 0.85, 1.15 என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

நம் 15,000 பேர் ஊரையும் 15 லட்சம் பேர் நகரத்தையும் இந்த எண்களில் பொருத்திப் பாருங்கள். மக்கள் நூறு மடங்கு. கட்டமைப்போ ஐம்பது மடங்கு போதும். அதாவது சிறிய ஊரில் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு மடங்கு குழாயும் சாலையும் கம்பியும் ஏறுகின்றன. பொருளீட்டல் பக்கம் நூறு மடங்கு மக்களுக்கு இருநூறு மடங்கு வருகிறது. சிறிய ஊரில் தலைக்குப் பாதிதான் சம்பாத்தியம். தலைக்கு இரட்டிப்புச் செலவு, பாதி வரவு! பற்றாக்குறையின் வித்து இங்கே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இவை சராசரிகள், தனியொரு ஊர் கோட்டை விட்டு எவ்வளவோ விலகி நிற்கலாம். நகரத்தின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து அடுக்கு எண்ணே மாறிவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் வாதிட்டன. எனவே 'இரட்டிப்பு' என்பதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது நல்லது.

சிதறிய ஊரில் நீளும் குழாயின் விளைவைக் கண்ணால் பார்க்கவும் முடியும். ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது தொட்டி இயக்குபவர்களின் மனப்பாடக் கணக்கு. பவுடரில் கால் பங்கு குளோரின் இருந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கிடைக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். தொட்டியை விட்டுப் புறப்பட்ட தண்ணீர் வழியிலுள்ள அழுக்கோடும் குழாய்ச் சுவரோடும் மல்லுக்கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினை இழக்கும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பணியாளர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, பரிசோதனைத் திரவத்தில் சில சொட்டு விட்டுக் குலுக்குவார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார். நிறமே வராவிட்டால் ஆபத்து. வீடுகள் சிதறிய ஊரில் தண்ணீர் குழாய்க்குள் அதிக நேரம் கிடக்கிறது. நிறம் வராமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். அதைத் தினமும் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பதே கேள்வி.

பெருக்கும் நேரம் குறையாது

அந்த ஆள் கணக்கு இன்னொரு புதிர். 1960-களில் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இசைக்குழுக்கள் ஏன் எப்போதும் நட்டத்தில் ஓடுகின்றன என்று ஆராய்ந்தார்கள். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நான்கு பேர்தான் அதே நேரம் எடுத்து வாசிக்க வேண்டும். ஆலையிலோ ஒரு தொழிலாளி செய்யும் உற்பத்தி ஆண்டுக்காண்டு கூடுகிறது, கூலியும் கூடுகிறது. கலைஞர் வேறு வேலைக்குப் போய்விடாமலிருக்க அவருக்கும் கூலியை உயர்த்தியாக வேண்டும். ஆக, இசையின் விலை ஏறிக்கொண்டே போகும். 1967-இல் பாமல் இதே வாதத்தை நகரங்களின் நிதி நெருக்கடிக்குப் பொருத்திக் காட்டினார்.

ஒரு தெருவைத் துடைப்பத்தால் பெருக்க ஐம்பது ஆண்டுக்கு முன் ஆன நேரம்தான் இன்றும் ஆகிறது. சாக்கடை தூர் வாருவது, வீட்டு வாசலில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வாங்குவது, வரி பாக்கிக்கு வீடு ஏறி இறங்குவது எல்லாம் மனிதக் கையும் காலும் செய்யும் வேலைகள். பேட்டரி வண்டி வந்து தள்ளுவண்டியின் பாரத்தைக் குறைத்தது உண்மை. வீட்டு வாசலில் நின்று வாங்கும் நேரத்தை அது குறைக்கவில்லை. எனவே நிர்வாகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சம்பளச் செலவு ஏறத்தான் செய்யும்.

இந்த ஏற்றத்துக்கு மன்றங்கள் கண்ட வழி, பணியிடத்தை நிரப்பாமல் ஒப்பந்தத்துக்கு விடுவது. கணக்குப் புத்தகத்தில் செலவு குறைந்தது போலத் தெரியும். பெருக்கும் நேரம் குறையாததால், குறைந்த தொகை தூய்மைப் பணியாளரின் கூலியிலிருந்துதான் போயிருக்கிறது. பாமல் சொன்ன செலவை யாரோ ஒருவர் கட்டித்தான் தீர வேண்டும். ஊரே கட்டுவதா, ஊரிலேயே ஏழையான ஒருவர் கட்டுவதா என்பதைத்தான் மன்றம் தீர்மானிக்கிறது.

சின்ன ஊருக்குக் கிடைத்த லாபம்

அளவின் விதி ஓரிடத்தில் மட்டும் சிறிய ஊருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகளும் அவற்றில் 7,600-க்கும் மேற்பட்ட வார்டுகளும் இருந்தன. சராசரி பார்த்தால் பேரூராட்சிக்குப் பதினைந்து, பதினாறு வார்டு. நம் ஊரில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை வைத்தே வார்டுக்கு 33,000 பேருக்கு மேல். சிறிய ஊரின் உறுப்பினருக்கு எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்தத் தெருவில் குழாய் உடைந்து மூன்று நாளாயிற்று என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

இப்படித் தெரிந்த சின்ன விஷயங்களையே மன்றங்கள் பிடித்துக்கொள்வதைக் கேலி செய்தவர்களும் உண்டு. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1957-இல் எழுதிய அங்கத நூலில் ஒரு குழு, கோடிக்கணக்கில் செலவாகும் அணு உலையை இரண்டரை நிமிடத்தில் அனுமதித்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடுகிறது. கொட்டகை எல்லோருக்கும் புரியும், உலை யாருக்கும் புரியாது. நம் மன்றங்களிலும் ஒரு தெருவிளக்குக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். குடிநீர் அபிவிருத்தித் திட்டம் மேசை தட்டலோடு நிறைவேறிவிடும். தெருவிளக்குச் சண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். உறுப்பினருக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது. பம்பின் திறன் என்ன, யூனிட் எவ்வளவு என்று பெரிய திட்டத்தையும் அதே பிடிவாதத்தோடு கேட்காததுதான் குறை.

யார் கொடுக்க வேண்டும்?

சொத்து வரி, தொழில் வரி, காலி மனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை பேரூராட்சியின் சொந்த வருவாய். இவை போதாது என்பது அரசியல் சட்டத்துக்கே தெரியும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள் ஐந்தாண்டுக்கொரு முறை மாநில நிதி ஆணையம் அமைக்கச் சொன்னது அதனால்தான். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. இதை மேலிடத்து உதவி என்று பேசுவது தவறு. அந்த வரி வருவாயில் பெரும்பகுதி நகரங்களில் பிறக்கிறது. அந்த நகரங்கள் உண்ணும் அரிசியும் குடிக்கும் பாலும் அங்கே உழைக்கும் ஆட்களும் சிற்றூர்களிலிருந்து போனவை. சிறிய ஊருக்கு வரும் பங்கு அதற்குச் சேர வேண்டியதுதான்.

அதே நேரம், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் கடமை ஊராருக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வரவு செலவை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கத் தொடங்கின. அடுத்த முறை உங்கள் ஊர் உறுப்பினரைப் பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். நீரேற்று நிலையத்தில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது? கேட்புத் தொகையில் எவ்வளவு சொத்து வரி வசூலாயிற்று? அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை காலி? கடைசித் தெருக் குழாயில் கடைசியாக எப்போது குளோரின் பார்த்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் சொல்லத் தெரிந்த மன்றம் இருக்கும் ஊர், பணம் குறைவாக இருந்தாலும் நன்றாக நடக்கும் ஊர்.