சிங்க் அடைச்சுக்கிட்டா முதல்ல ஒரு வாளியை எடுங்க

இன்னைக்கு எபிசோட் சமையலறை சிங்க் அடைப்பைப் பத்தி. இதுவரைக்கும் ஒரு பைப்பைக்கூடக் கழட்டிப் பாக்காதவங்களுக்காகத்தான் பேசுறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

கோவில்பட்டிக்குக் குடிதண்ணி தாமிரபரணியில, சீவலப்பேரியில இருந்து குழாய் வழியா வருது. தண்ணி வர்ற நாள்னா எங்க வீட்ல குடம், அண்டா எல்லாம் முன்கூட்டியே கழுவிக் கவுத்தி வைக்கணும். அப்படி ஒரு நாளுக்கு முந்தின ராத்திரி சிங்க் அடைச்சுக்கிச்சு. "பவுடர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாய்யா"ன்னாங்க அம்மா. வாங்கிக் கொட்டினோம், தண்ணி இறங்கலை. பொறுமை இல்லாம நான் கீழ இருக்கிற பைப்பைக் கழட்டினேன். பவுடர் கரைஞ்ச தண்ணி அப்படியே கையில ஊத்திருச்சு. அதுல இருக்கிறது காஸ்டிக் சோடா, தோலை அரிச்சிரும். மிச்சம் இருந்த ரெண்டு குடம் தண்ணியும் என் கையைக் கழுவவே போச்சு.

அதனால முதல் பாடம்: பவுடர் போட்டாச்சுன்னா நீங்க கழட்டாதீங்க, பிளம்பரைக் கூப்பிட்டு, போட்ட விஷயத்தையும் சொல்லிருங்க. பவுடருக்கு மேல ஆசிட் ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வாயு வரும், மூச்சையே அடைச்சிரும்.

சரி, ஏன் அடைக்குது? சிங்குக்குக் கீழ பைப் வளைஞ்சு போகும், இல்லைன்னா கிண்ணம் மாதிரி ஒண்ணு தொங்கும். அதுக்குப் பேரு டிராப். அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் மேல வராம அதுதான் தடுக்குது. 1775-ல அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு ஸ்காட்லாந்து கடிகாரக்காரர் கழிப்பறைக்காக இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணி நிக்கிற இடத்துலதான் கசடும் நிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, தோசை மாவு, டீத்தூள், தேங்கா நார் எல்லாம் அங்கதான் ஒண்ணு சேருது. நம்ம ஊர்ல தண்ணியைச் சிக்கனமா விட்டுக் கழுவுறோம், அதனால கசடு இழுத்துட்டுப் போக மாட்டேங்குது.

இப்ப வேலை. முதல்ல பாத்ரூம்ல தண்ணி ஒழுங்கா போகுதான்னு பாருங்க. போச்சுன்னா அடைப்பு பெரும்பாலும் சிங்க் பக்கத்துலயேதான் இருக்கு. பிளஞ்சர், அதாவது ரப்பர் கப் வச்ச கட்டை, இருந்தா கப் முங்குற அளவு தண்ணி விட்டு, இருபது தடவை அமுக்கி அமுக்கி இழுங்க. சிங்க்ல மேல ஒரு ஓட்டை இருந்தா அதை ஈரத்துணி வச்சு அடைச்சுக்கோங்க, இல்லைன்னா காத்து அது வழியா போயிரும்.

அதுலயும் போகலையா? சிங்க்ல நிக்கிற தண்ணியை மொண்டு எடுத்துட்டு, டிராப்புக்கு அடியில வாளியை வைங்க. கிண்ணத்தைக் கையால திருகினாலே வரும். உள்ள இருக்கிற ரப்பர் வாஷரைப் பத்திரமா எடுத்து வைங்க. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. கழுவுறப்ப அதே சிங்க்ல கழுவிராதீங்க; கீழ பைப் இல்லைங்கிறது காலு நனைஞ்ச பெறகுதான் ஞாபகம் வரும். திரும்ப மாட்டினதும் தண்ணியைத் திறந்துவிட்டு, காகிதத்தால சுத்தித் தொட்டுப் பாருங்க. காகிதம் நனையலைன்னா சரி.

கொதிக்கிற தண்ணி ஊத்தலாமான்னு கேப்பீங்க. பிவிசி பைப் இளகிரும், வேண்டாம். சோடா உப்பும் எலுமிச்சையும் நுரைக்கும், அவ்வளவுதான். கெட்டியான அடைப்பை அது எடுக்காது.

டிராப் சுத்தமா இருந்தும் தண்ணி நின்னா, கோளாறு வெளிய இருக்கலாம். இதுல கரிசல் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில ஊதும், கோடையில சுருங்கி வெடிக்கும். மண்ணுக்குள்ள பதிச்ச பைப் இதோட சேந்து ஏறி இறங்குறதுல ஜாயிண்ட் விலகும், வாட்டம் மாறும். வருஷா வருஷம் ஒரே இடத்துல அடைச்சா பவுடரால தீராது. பிளம்பரை விட்டுத் தோண்டிப் பாக்கணும். சேம்பர் மூடியைத் திறந்து கம்பு விட்டுப் பாருங்க. ஆனா செப்டிக் டேங்குக்குள்ள யாரையும் இறக்காதீங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்குறது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், உள்ள இருக்கிற வாயு ஆளைக் கொன்னுரும்.

அந்தக் காலத்துல மிச்சம் மீதியெல்லாம் கழனித் தொட்டிக்குப் போச்சு, மாடு குடிச்சது. இப்ப மாடு இல்லை, அந்த வேலையை சிங்க் பாக்குது. எங்க வீட்ல இப்ப தட்டை வழிச்சுட்டு, எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால துடைச்சுட்டுத்தான் கழுவுறோம். அரிசி, காய் கழுவின தண்ணியை ஒரு வாளியில சேத்து வச்சு, ராத்திரி வடிகட்டி ஒரே மூச்சா சிங்க்ல ஊத்துறோம். புதுசா ஒரு சொட்டுத் தண்ணி செலவில்லை, பைப்பும் சுத்தமாகுது. அடுத்த எபிசோட்ல பாப்போம்.