கேன்வாஸும் கயிற்றுக் கட்டிலும்

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு மலையாளி குடும்பம் இருக்கிறது. மலையாளி என்றதும் கேரளா என்று நினைக்க வேண்டாம். கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலைப் பக்கம் வாழும், தமிழ் பேசும் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். அந்த வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் எடுத்தேன். அடுத்த வருஷம் பாட்டி போய்விட்டார். ஆதார் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படத்தை விட்டால் அந்த வீட்டில் அவருக்கு வேறு படம் கிடையாது. அதனால் நான் எடுத்ததைக் கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, 24க்கு 36 அங்குல ஃபிரேமில் அடித்து, மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஒரு மே மாதம்.

அடுத்த மார்ச்சில் போனபோது படம் அதே சுவரில்தான் இருந்தது. ஆனால் மேல் மூலையிலிருந்து ஒரு அலை கிளம்பி, பாட்டியின் கன்னத்தைக் குறுக்கே மடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஃபிரேமும் முறுக்கிக்கொண்டு, ஒரு மூலை சுவரை விட்டு விரல் அளவு எழும்பி நின்றது. வீட்டு அண்ணன் குறையே சொல்லவில்லை. "பரவால்ல சார், மூஞ்சி தெரியுதில்ல" என்றார். அதுதான் ரொம்ப உறுத்தியது.

புதுசாக ஒன்று பிரிண்ட் போட்டுவிடலாமே என்றால், படம் இருந்த ஃபோன் அதற்குள் தொலைந்துவிட்டது. கடையில் பழைய ஃபைலை அழித்துவிட்டார்கள். வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆக, இருக்கிறது இந்த ஒரே துணிதான். கிழிக்காமல் கழற்றி, மறுபடி இழுத்துக் கட்டணும். அதற்காகப் படித்ததும், கேட்டதும், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

துணி ஏன் தளர்ந்தது?

முதல் முறை ஃபிரேம் அடித்தவர் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிறவர். நானும் அவசரத்தில் சரி என்றுவிட்டேன். ஃபிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலை மேல் பிவிசி பூசிய ஷீட். அது தண்ணி குடிக்காது. பேக்கிங் கட்டையில் ஆணி அடித்து இழுத்துவிட்டால் விழா முடிகிற வரை நிற்கும். அதற்கு மேல் அது நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. பிரிண்ட் போடுகிற கேன்வாஸ் அப்படியல்ல. அது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்து, மேலே மை பிடிக்க ஒரு பூச்சு கொடுத்த துணி. பருத்தி ஈரத்தைக் குடிக்கும்.

ஈரம் குடித்தால் துணி தொங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. மழையில் நனைந்த கயிற்று முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள், அவ்வளவு சுலபத்தில் வராது. முறுக்கிய நூல் ஈரத்தில் பருக்கும். நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றை ஒன்று ஏறி இறங்கிப் போகின்றன. நூல் பருத்தால், அது தாண்டிப்போக வேண்டிய மேடும் பெரிதாகிறது. அந்தக் கூடுதல் வளைவுக்கு வேண்டிய நீளத்தைத் துணி தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதாவது சுருங்குகிறது. பறையின் தோல் இதற்கு எதிர்: ஈரத்தில் தளரும், நெருப்பில் காட்டினால் இறுகும். தோலும் துணியும் ஒரே மாதிரி இழுத்துக் கட்டப்பட்டாலும் இரண்டின் குணம் வேறு.

இப்போது மலைவீட்டுக் கதையை வரிசையாகப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி இறுகியது. இறுகின துணி நாலு சட்டத்தையும் உள்ளே இழுத்தது. சட்டமோ சரியாகக் காயாத பைன் கட்டை. மூலைகள் வெறும் ஆணி. மூலை கொஞ்சம் நெகிழ்ந்தது, சட்டம் கொஞ்சம் வளைந்தது. தை தாண்டிக் காற்று காய்ந்ததும் துணி பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. வளைந்த சட்டம் திரும்பவில்லை. மிஞ்சின துணிதான் அந்த அலை. துணி மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் தோற்றது மரம்.

ஆசாரியும் ஆப்பும்

நல்ல சட்டம் வேண்டும் என்றால் கள்ளக்குறிச்சியில் மரவேலைக்குப் பஞ்சமில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் அந்தக் குறியீட்டைப் பெற்ற இன்னொன்று கருப்பூர் கலம்காரி. அது துணியில் எழுதும் ஓவியம். கோயில் விதானமும் தொம்பையும் தன் கனத்தில் தானே தொங்குகிற துணிகள், யாரும் அவற்றை நாலு பக்கமும் இழுத்துப் பிடிப்பதில்லை. அதனால் அவற்றுக்கு இந்தப் பிரச்சினையே வராது. துணியையும் மரத்தையும் சேர்த்துக் கட்டும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

நான் போன ஆசாரி பழைய கதவுச் சட்டத்தைக் காட்டினார். இடித்த வீட்டுத் தேக்கு. பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்க மாட்டாது. அது சரியாக அமைந்தது. ஆனால் மூலையை ஒட்டக்கூடாது என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மூலைய ஒட்டாம வுட்டா ஆடும் தம்பி. நாளைக்கு என் பேரத்தான சொல்லுவாங்க?"

நான் கேட்டது ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய ஒரு ஏற்பாடு. மூலையில் ஒரு சட்டத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போகும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. உள்பக்க மூலையில் இரண்டு சின்ன ஆப்பு, நாலு மூலைக்கும் சேர்த்து எட்டு. ஆப்பைத் தட்டினால் மூலை மயிரிழை விரியும், துணி இறுகும். படத்தைக் கழற்றவே வேண்டாம். எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை. கடைசியில், கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கயிறு தனியாக ஓடுமே, பின்னல் தொய்ந்தால் அதை மட்டும் இழுத்துக் கட்டுவோமே, அது மாதிரி என்றேன்.

"அப்புடிச் சொல்லு. இழுத்துக் கட்டறதுக்கு எடம் வுடச் சொல்ற" என்று சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் தீர்த்தார். துணி 28க்கு 40 அங்குலம்தான் இருந்தது. பழைய சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம். முகப்பு 24க்கு 36 போக, ஒரு பக்கத்துக்கு இரண்டு அங்குலம்; அதில் ஒன்றரை கனத்துக்கே போய்விட, பின்னால் பிடிக்க மிஞ்சியது அரை அங்குலம். அதிலும் பழைய பின் ஓட்டைகள். ஓரத்தில் ஒட்டுத்துணி வைத்து நீட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "சட்டத்த மெலிசாக்கு, துணி மிச்சமாவும்." கனத்தை முக்கால் அங்குலமாக்கினால் பின்னால் ஒன்றேகால் அங்குலம் கிடைக்கிறது. மெலிந்த சட்டம் வளையாமல் இருக்க அகலத்தை இரண்டு அங்குலமாக வைத்து, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தார்.

புதிதாகப் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு: ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால், 24க்கு 36 படத்துக்குத் துணி 30க்கு 42 வேண்டும். பிரிண்ட் கடையில் ஓரத்தை வெட்டுவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

தேவையான சாமான்

மூலைமட்டம், டேப். மரத்துக்கான கை ஸ்டேப்ளர் கன். 6 அல்லது 8 மில்லிமீட்டர் பின், துருப்பிடிக்காததாக. துரு துணியைத் தின்றுவிடும். தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் பின் முழுசாக இறங்காது, மேலே சுத்தியலால் ஒரு தட்டு தட்டணும். அப்புறம் கேன்வாஸ் பிளையர்: வாத்து அலகு மாதிரி அகலமான வாய், கீழே ஒரு முட்டு. அந்த முட்டைச் சட்டத்தில் ஊன்றி மணிக்கட்டைச் சாய்த்தால் துணி வரும். சாதாரணக் குறடு வேண்டாம். குறுகின வாய் ஒரே இடத்தில் கடித்து, பூச்சை உடைத்துவிடும்.

கட்டும் முறை

1. பழைய பின்னைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒரு கால் தூக்கி, மூக்குக் குறடால் நேராக இழுக்கணும். துணியைப் பிடித்து இழுத்தால் ஓட்டை கிழிசலாகும்.

2. கழற்றிய துணியைச் சுத்தமான பருத்தி விரிப்பில் குப்புறப் போட்டு ஒரு நாள் விடணும். மடிப்புப் போகவில்லை என்றால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். அதற்கு முன் ஓரத்தில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்து மை கரையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது.

3. சட்டத்தின் முன்பக்கம், உள் விளிம்பை நோக்கிச் சரிவாக இழைத்திருக்கணும். துணி வெளி விளிம்பை மட்டும் தொட வேண்டும். முழுத் தட்டையாக இருந்தால் நாளாக நாளாகச் சட்டத்தின் உள்விளிம்பு படத்தில் கோடாகத் தெரியும்.

4. சதுரம் பார்க்க இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளக்கணும். 24க்கு 36க்கு அது சுமார் 43¼ அங்குலம். கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் அப்புறம் துணியை எப்படி இழுத்தாலும் குறுக்கே சுருக்கம் விழும்.

5. துணியின் நூல் ஓட்டம் சட்டத்துக்கு இணையாக இருக்கணும். துணி குறுக்குச்சாய்வாக இழுபட்டால் ரொம்ப நீளும்.

6. நாலு பக்கத்துக்கும் நடுவில் ஒவ்வொரு பின், எதிரெதிர்ப் பக்கமாக. முன்னால் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு கூட்டல் குறி மாதிரி இழுப்புத் தெரியும். அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு பின். ஒரு பக்கம் இரண்டு அடித்தால் எதிர்ப்பக்கம் இரண்டு. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறவருக்குப் படம் கண்டிப்பாகக் கோணும். பின்னைக் கொஞ்சம் சாய்வாக அடித்தால் நிறைய நூல்களைப் பிடித்துக்கொள்ளும்.

7. மூலைக்கு மூன்று அங்குலம் முன்னால் நிறுத்தி, மூலையைக் கடைசியில் மடிக்கணும். மடிப்பு மேல் கீழ் விளிம்புகளில் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் பக்கவாட்டில் நிற்கிறவர் கண்ணில் படாது. தடிப்பாக இருக்கிறதே என்று மூலைத் துணியை வெட்டாதீர்கள். நான் வெட்டாமல் வைத்திருந்ததால்தான் இரண்டாம் முறை கட்ட முடிந்தது.

எவ்வளவு இழுப்பது? விரலால் தட்டினால் மெல்லிய 'தப்' என்ற சத்தம் வந்தால் போதும். மேளம் மாதிரி கணீர் என்று கேட்கணும் என்று இழுத்தால் விளிம்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். சட்டமும் உள்பக்கம் குழியும். மிச்ச இறுக்கத்தை ஆப்புக்கு விட்டுவிடலாம்.

ஆப்பைத் தட்டும்போது துணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளணும். ஒரு மூலைக்கு ஒரு தட்டு, அப்படியே சுற்றி வரணும். ஆப்பு கழன்று துணிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில் விழுந்தால் முன்னால் புடைப்பாகத் தெரியும், அதனால் எட்டையும் நூலால் கட்டிவைத்தேன்.

சுவரையும் கவனிக்கணும்

மழைக்காலத்தில் ஈரம் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, சுவரிலிருந்தும் வருகிறது. முன்பு படம் சுவரோடு ஒட்டித் தொங்கியது. இந்த முறை கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குல மரத்துண்டு வைத்து, பின்னால் காற்று போகிற மாதிரி செய்தோம். பின்பக்கத்தை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவது தப்பு, ஈரம் உள்ளேயே நிற்கும். தூசிக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும். சட்டத்துக்கு, வெட்டுமுனைகள் உட்பட, ஒரு கோட்டிங் வார்னிஷ் கொடுத்தால் மரம் ஈரம் குடிப்பதும் கக்குவதும் மெதுவாகும். அடுப்புப் புகை வராத சுவராகவும் பார்த்து மாட்டினோம்.

படம் மறுபடி மலை ஏறியது ஜூனில். பாட்டியின் கன்னத்தில் அந்த மடிப்பு இருந்த இடம், பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடினால் மட்டும் மெல்லிசாகத் தெரிகிறது. அது இனிப் போகாது.

மழை முடிந்து பிப்ரவரியில் போனேன். போகிற வழியெல்லாம் கொஞ்சம் பயம்தான். மேல் மூலையில் லேசாகத் தொய்வு இருந்திருக்கிறது. ஆனால் நான் பார்ப்பதற்கு முன்பே அண்ணன் அதைச் சரி செய்துவிட்டார். போன முறை நான் விட்டுவிட்டு வந்த சின்னச் சுத்தியல் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தட்டு சார், நின்னுக்கிச்சு" என்றார்.