ஆடி மழையில் ஒரு கோடை வகுப்பு

நம் சங்கத்துக் கூட்டங்களில் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்தி வருகிறது. "நீங்கள் வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவராமே! கோடையில் இரண்டு மாதம் லீவாமே? லீவில் பாடம் எடுத்தால் அதற்குத் தனிச் சம்பளமாமே?" என்பதுதான் அது. ஆங்கிலம் படித்த பிள்ளையோ மருமகளோ வீட்டில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கையில் காப்பி டம்ளருடன் நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2013 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை, எத்தியோப்பியாவின் வடமேற்கில் உள்ள பஹர் தார் நகரில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தேன். இந்திய ஆசிரியர்கள் அந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி 1974-இல் முடிவதற்கு முன்பே நம்மவர்கள் ஏராளமாகப் போய், சிற்றூர்ப் பள்ளிகளில்கூடப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். வங்கிக்குப் போனால் வயதான குமாஸ்தா ஒருவர் எழுந்து நின்று, "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியர்" என்று கை குலுக்குவார். முன்னே போனவர்கள் சேர்த்து வைத்த மரியாதையில் நான் ஏறக்குறைய ஆறு வருடம் வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோடை என்றால் மழை

எத்தியோப்பியாவின் சுற்றுலாத் துறை வெகுகாலம் தன் நாட்டை "பதின்மூன்று மாத வெயில்" உள்ள நாடு என்று விளம்பரம் செய்து வந்தது. பதின்மூன்று மாதம் என்பது உண்மைதான். அவர்கள் நாட்காட்டியில் முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டு. கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் கொண்ட குட்டி மாதம் ஒன்று. வெயில் என்பதைத்தான் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்டுக்கொள்ள வேண்டும்! ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே "கிரெம்த்" என்னும் பெருமழைக் காலம். ஜூலை, ஆகஸ்டில் தினமும் மழை. நாம் டெல்லியில் மே மாதம் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அங்கே மழை எட்டிப் பார்க்கத் தொடங்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜூலையில் ராத்திரி கம்பளி இல்லாமல் படுக்க முடியாது.

பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை இந்த மழையில்தான். கல்லூரிகள் இந்த மாதங்களை ஆங்கில வழக்கப்படி கோடை என்றே எழுதும். கிராமப் பள்ளி ஆசிரியர்கள் இந்த விடுமுறையில் நகரத்துக்கு வந்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பட்டம் வாங்குவார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். ஆங்கிலம் தடுமாறினால் அறிவியலும் கணக்கும் சேர்ந்து தடுமாறும். அதனால் ஆங்கில விரிவுரையாளருக்குக் கோடையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

முதல் கோடையில், அதாவது 2014-இல், நான் டெல்லிக்கு வந்துவிட்டேன். ராமகிருஷ்ணபுரத்து வாடகை வீட்டில் என் தாயார், மனைவி, எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகள் மூவரும் இருந்தார்கள். மகளுக்கு விடுமுறை மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. எனக்கோ அங்கே வகுப்பு முடிவதே ஜூன் கடைசியில். அவள் பள்ளி திறந்த பிறகுதான் அப்பா வீட்டுக்கு வருவார். ஆனாலும் இரண்டு மாதம் முழுசாகக் கிடைத்தது. டெல்லியில் பருவமழை தொடங்குவது பெரும்பாலும் ஜூன் கடைசி வாரத்தில் என்பதால், என் தாயார் ஒரு சுலபமான கணக்கு வைத்துக்கொண்டார்: "மழை வந்தா நீ வந்துடுவே."

இரண்டு மணி வகுப்பு

2015-இல் மகளுக்குப் பத்தாம் வகுப்பு. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பெரும் தொகை கேட்டார்கள். அந்தக் கோடையில் பாடம் நடத்த ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே அவமானம். "இரண்டு மணிக்கு வகுப்பு" என்றார்கள். சாப்பிட்டு, குடையுடன் பகல் இரண்டு மணிக்குப் போனால் ஒருவரும் இல்லை. எத்தியோப்பியர்கள் சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுகிறவர்கள். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. இரண்டு மணி என்றால் நம் எட்டு மணி. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அங்கே இருந்தும் ஏமாந்தேன். பட்டப்படிப்பு மாணவர்கள் எனக்காக நம் கணக்கில் மணி சொல்லி வந்தார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அறுபது ஆசிரியர்கள் காலையில் ஈரக் கால்களுடன் எனக்காகக் காத்திருந்து திரும்பியிருக்கிறார்கள்.

மழைக்கும் பாடத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. வகுப்பறைக்குத் தகரக் கூரை. பிற்பகலில் மழை பிடித்தால் நான் கத்துவது முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. மின்சாரமும் போய்விடும். எனவே உச்சரிப்பு, உரையாடல் எல்லாம் காலையில். எழுத்துப் பயிற்சி பிற்பகலில் என்று மாற்றிக்கொண்டேன்.

தமிழ் எனக்குக் கை கொடுத்த இடமும் உண்டு. அம்ஹாரிக் மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அவர்கள் ஆங்கிலத்தில் எங்கே சறுக்குவார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். நானும் அங்கேதானே சறுக்கியவன்! "அலெ" என்றால் சொன்னான், "அல்லெ" என்றால் இருக்கிறது. எழுத்தில் இரண்டும் ஒன்று. நம் "பாடு", "பாட்டு" என்பதைக் கரும்பலகையில் எழுதி, எங்களுக்கும் மெய் இரட்டித்தால் பொருள் மாறும் என்று காட்டியபோது வகுப்பே கை தட்டியது. அன்று முதல் நான் அவர்களுக்கு "மெம்ஹிர்". நம் "வாத்தியார்" மாதிரி.

சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் விரதம். ஆகஸ்டில் இரண்டு வாரம் தொடர் விரதம். இறைச்சி, பால் எதுவும் இல்லை. புளித்த மாவில் வார்த்த இஞ்செரா என்னும் பெரிய தோசையும், கடலை மாவில் காய்ச்சிய ஷிரோவும் கிடைத்தால் சைவக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த 2015-இல் மழைதான் ஏமாற்றியது. எல் நினோவின் கைவரிசை. இந்தியாவிலும் அவ்வருடம் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட 14 சதவீதம் குறைவு. எத்தியோப்பியாவின் வடக்கிலும் கிழக்கிலும் பயிர் கருகி, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. நமக்கு ஆடிப் பட்டம் போல, டெஃப் என்னும் இஞ்செரா தானியத்தை அவர்கள் விதைப்பதும் ஜூலையில்தான். வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் இடைவேளையில் ஊருக்குத் தொலைபேசி போட்டு முதலில் கேட்டது, "மழை பெய்ததா?" என்பதைத்தான். தகரக் கூரையில் சத்தம் கேட்டால் பாடம் கெடுகிறதே என்று முகம் சுளித்த நான், அப்புறம் சுளிக்கவில்லை.

ஒரு வாக்கியம்

2016-இல் வீட்டுக்கு வந்தேன். 2017-இல் மகளின் கல்லூரிச் செலவை நினைத்து மறுபடியும் கோடைக்கு ஒப்புக்கொண்டேன். ஜூலையில் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். "சின்ன ஆபரேஷன்தானே, நான் பார்த்துக்கிறேங்க" என்றாள் மனைவி. ஆபீசில் லீவு போட்டு, அழைத்துப் போய் வந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது அவள்தான்.

வகுப்பில் ஒருநாள், "இப்படி நடந்தால் அப்படி நடக்கும்" என்ற வகை வாக்கியங்களை எழுதச் சொன்னேன். நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தேன். கிராமத்தில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஒரு பெண், தன் இரண்டு குழந்தைகளையும் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர், எழுதியிருந்தார்: "மழை நின்றால் என் மகன் வாசலில் வந்து நிற்பான்." இலக்கணம் சரியாக இருந்தது. ஏன் வாசலில் என்று கேட்டேன். "மழை நின்றால் அம்மா வருவாள் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், மெம்ஹிர். மூன்று வருடமாக அப்படித்தான்" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் பேசினேன். மனைவி சொன்னாள்: "அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாச்சு. நல்லாத் தெரியுதாம். வெளியே மழை பிடிச்சுது. உடனே என்ன கேட்டாங்க தெரியுமா? 'அவன் வந்துட்டானா?'ன்னாங்க."

ஒரு பிள்ளை மழை நிற்கக் காத்திருக்கிறான். ஒரு தாய் மழை வரக் காத்திருக்கிறாள். எனக்குச் சம்பளம் வேண்டும், அந்தப் பெண்ணுக்குப் பட்டம் வேண்டும். ஆனால் அவருக்கு வேறு வழியில்லை, எனக்கு இருந்தது.

மிச்சக் கதை பணத்தைப் பற்றியது. கோடைச் சம்பளம் உள்ளூர் நாணயமான பிர்ரில் வந்தது. நாட்டில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு. டாலராக மாற்றி அனுப்ப என் முறைக்காகக் காத்திருந்தேன். 2017 அக்டோபரில் அரசு பிர்ரின் மதிப்பை ஒரேயடியாக 15 சதவீதம் குறைத்தது. ஒரு டாலருக்கு 23 பிர் சொச்சம் என்றிருந்தது 27 பிர் அளவுக்குப் போய்விட்டது. ஒரு லட்சம் பிர் வைத்திருந்தவருக்கு 4,270 டாலர் 3,700 ஆயிற்று. தாயார் கண்விழித்த நேரத்தை விட்டுக் கொடுத்து நான் சம்பாதித்ததில் ஒரு பங்கு, ஒரே நாளில் கரைந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த வருஷம் வந்துடுங்க" என்றாள்.

2018-இல் வந்துவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்குத் தாயாரை மலை மந்திருக்கு அழைத்துப் போனேன். படி ஏறும்போது தூறல். "இந்தத் தடவை சரியா வந்துட்டே" என்றார். மகளின் பெட்டியைக் கல்லூரி விடுதி மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போனதும் நான்தான்.

போகிறவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் கற்றுக்கொடுத்ததைவிட நான் கற்றுக்கொண்டதே அதிகம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கோடைச் சம்பளம் எந்த நாணயத்தில்? வீட்டுக்கு அனுப்ப அனுமதி உண்டா, எவ்வளவு? வேலை செய்தால் அந்த வருடத்து விமான டிக்கெட் என்னாகும்? அங்கே கோடை என்பது வெயிலா, மழையா, பனியா? இரண்டு நாட்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளின் விடுமுறையையும் பெரியவர்களின் வைத்திய நாட்களையும் குறித்துப் பாருங்கள். குடையும் ரப்பர் பூட்ஸும் போய் வாங்கிக்கொள்ளலாம்.

பஹர் தார் உள்ள அம்ஹாரா பகுதியில் 2023-இல் சண்டை மூண்டு, ஆகஸ்டில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். சிற்றூர்ப் பள்ளிகள் பல மூடப்பட்டதாகப் படித்தேன். மழை முடியும் செப்டம்பரில் அங்கே புது வருடம் பிறக்கும். மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ பூக்கும். அந்த ஆசிரியைகள் தம் வாசலுக்குத் திரும்பும் காலம் அது. செப்டம்பர் வந்தால் எனக்கு அந்த நோட்டு நினைவுக்கு வருகிறது. அந்தப் பையன் இப்போது வளர்ந்திருப்பான். அவன் பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.