ஆறு யாருடையது?

ராஜஸ்தானத்து அல்வார் ஜில்லாவுக்கு 1985-ஆம் ஆண்டில் 'தருண் பாரத் சங்க'த்து ராஜேந்திர சிங் சில நண்பர்களுடன் சென்றார். வைத்தியமும் கல்வியும் அளிப்பதே அவர் நோக்கம். கோபால்புராவில் முதியவர் ஒருவரோ, வறண்ட பூமிக்கு முதலில் வேண்டுவது தண்ணீரே என்று உணர்த்தினார்.

தூர்ந்து கிடந்த 'ஜோஹட்' என்னும் குளங்களைக் கிராமத்தார் வெட்டலாயினர். பிறை வடிவான மண்கரை மழைநீரைத் தேக்குகிறது, நீர் மெல்ல நிலத்துள் இறங்குகிறது, கிணறுகள் ஊறுகின்றன. பல்லாண்டு உழைப்பின் பயனாக, வற்றியிருந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடலாயிற்று.

ஆறு வந்தது, மீனும் வந்தது. பின்னாலேயே சர்க்காரும் வந்தது! 1996-இல் மீன்பிடிக் குத்தகை ஒரு காண்டிராக்டருக்கு அளிக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்து நின்றனர், குத்தகை ரத்தாயிற்று.

ஆனால் நாம் போற்ற வேண்டியது அவ்வெற்றியை மட்டுமன்று. 1999-இல் சுமார் 70 கிராமங்கள் கூடி 'அர்வரி ஸன்ஸத்' என்னும் ஆற்றுச் சபையை அமைத்தன. கரும்பு போன்று நீரை மிகுதியாக உறிஞ்சும் பயிர்களை இடுவதில்லை என்று தங்களுக்கே விதி செய்துகொண்டன. இச்சபைக்குச் சட்டத்தின் பலமில்லை. ஊராரின் வாக்குறுதியே பலம்.

உரிமையைக் கேட்பது எளிது. உரிமையுடன் கட்டுப்பாட்டையும் ஏற்பது அரிது. இதனையே நாம் சுயராஜ்யம் என்போம்.