முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் உடல் எடையும்

உடல் பருமன் உள்ளவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பயனளிக்காது என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கும் வலி குறையும், நடமாட்டம் மேம்படும். ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் காயம் ஆறுவது தாமதமாகலாம். கிருமித்தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. உடல் நிறை குறியீட்டெண் 40-ஐ எட்டினால் (150 செ.மீ. உயரமுள்ளவருக்கு 90 கிலோ) முதலில் எடையைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தக்கூடும்.

அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். புரதச்சத்து குறைந்தால் காயம் ஆறத் தாமதமாகும்; தொடைத் தசையும் மெலியும். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வலி நீங்கியபின் எடை தானாகவே குறையும் எனப் பலர் எதிர்பார்க்கின்றனர்; பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. சமதளத்தில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் இரு மடங்கிற்கும் மேலான விசை மூட்டின்மீது விழுகிறது. எனவே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடருங்கள். பராமரிப்பவர்கள் பரிவினால் நோயாளியைக் கட்டிலிலேயே இருத்திவிடக் கூடாது. கற்பிக்கப்பட்ட பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்க வேண்டும்.

காயத்தில் நீர்க்கசிவு, காய்ச்சல், கெண்டைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.